ஒட்டிய விரல்களைப் பார்ப்பவர்கள் தலையையும் தொட்டுப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விரல்கள் ஒட்டி, நெற்றி உயர்ந்து, கண்கள் பிதுங்கிய நிலையில் குழந்தை பிறந்தால் அது சில சமயம் செய்தியாகிவிடுகிறது. 'அதிசயக் குழந்தை' என்ற தலைப்பும் முகம் தெரியும் படமும் வெளிவந்தபின் அந்தக் குடும்பம் ஊருக்குள் தலைகாட்ட முடிவதில்லை. வீட்டுக்குள்ளோ, கிரகணத்தன்று வெளியே வந்தாளா, கத்தியைத் தொட்டாளா, எதைத் தின்றாள் என்று தாயைக் குடைந்தெடுக்கிறார்கள். இந்த நோய்க்குப் பெயர் உண்டு. காரணமும் செய்ய வேண்டியதும் தெரிந்தவைதான். அவற்றை உங்கள் வாசகர்களிடம், குறிப்பாகப் பிரசவ அறைச் செவிலியர்களிடமும் கிராமச் சுகாதார செவிலியர்களிடமும் சேர்க்கவே இக்கடிதம்.

1906-ல் பிரெஞ்சு மருத்துவர் யூஜின் ஏபர்ட் விவரித்ததால் இது ஏபர்ட் சிண்ட்ரோம் எனப்படுகிறது. சுமார் 65,000 முதல் 88,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. பத்தாவது குரோமோசோமில் உள்ள எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற மரபணுவில் ஒற்றை எழுத்து மாறுவதால் வருகிறது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 252-வது அல்லது 253-வது இடத்தில்தான் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் மாற்றம் இருக்கும். அதனால் ரத்தப் பரிசோதனையில் தேடவேண்டிய இடம் மிகச் சிறியது. 'எலும்பாக மாறு' என்ற கட்டளை அளவுக்கு மீறிப் போவதால், பிரிந்து நிற்கவேண்டிய எலும்புகள் கருவிலேயே ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன.

பெற்றோர் இருவருக்கும் இந்நோய் இல்லாத குடும்பங்களில்தான் பெரும்பாலான குழந்தைகள் பிறக்கிறார்கள். அப்போது மாற்றம் புதிதாக, அநேகமாக எப்போதுமே தந்தையின் விந்தணுவில் ஏற்பட்டிருக்கிறது. தந்தையின் வயது கூடக்கூட வாய்ப்பு சற்று உயரும். இளம் தந்தையருக்கும் நேர்வதுண்டு. இதில் தந்தையின் குற்றமும் எதுவும் இல்லை. ஆனால் பழி முழுவதும் தாயின் தலையில் விழுகிற நம் வீடுகளில் இந்த உண்மையை மருத்துவர் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும், அதுவும் மாமியார், மாமனார் எல்லோரும் இருக்கும்போது. அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. நோய் உள்ளவரே பிற்காலத்தில் குழந்தை பெற்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் சரிபாதி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லோர் கண்ணும் முதலில் கைக்குத்தான் போகிறது. 'விரலை எப்போது பிரிப்பீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வி. முதல் வாரங்களில் ஆபத்து வருவதோ மூச்சிலிருந்து. முகத்தின் நடுப்பகுதி எலும்பு வளராமல் உள்வாங்கியிருப்பதால் மூக்குத் துவாரத்தின் பின்புறம் குறுகியிருக்கும். பச்சிளம் குழந்தை மூக்கால்தான் மூச்சுவிடும். பால் குடிக்கையில் இரண்டு மூன்று வாய் உறிஞ்சிவிட்டு நிறுத்துவது, நெற்றி வியர்ப்பது, மூச்சை இழுக்கும்போது தொண்டைக் குழியும் விலாவும் உள்ளே போவது, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குவது, உரத்த குறட்டை, குறட்டைக்கு நடுவே சில நொடி நிசப்தம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. குறட்டை விட்டால் நன்றாகத் தூங்குகிறது என்று பொருளல்ல. அண்ணத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அண்ணம் கூரைபோல் உயர்ந்து, இருபுறமும் தடித்து, நடுவே குறுகலான பள்ளம் இருக்கும். பிளவு அந்தப் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கலாம்.

குளிப்பாட்டும் பாட்டிமார்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். தலையை உருட்டிப் பிடித்துவிடாதீர்கள், மூக்கை நீவாதீர்கள், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதாதீர்கள், சாம்பிராணிப் புகை காட்டாதீர்கள். எலும்பு சேர்ந்துவிட்ட தலை எந்தப் பிடிக்கும் வடிவம் மாறாது. ஏற்கெனவே குறுகிய மூச்சுப்பாதையில் எண்ணெயும் புகையும் போனால் அன்றிரவே மூச்சுத்திணறல் வரலாம்.

தலையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் மருத்துவப் பணியாளர்களிடமே இருக்கிறது. மண்டை எலும்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடைவெளியைத் தையல் கோடு என்பார்கள். ஏபர்ட் குழந்தைக்கு இரு காதுகளுக்கும் மேலாகக் குறுக்கே ஓடும் தையல் கோடுதான் மூடியிருக்கும். அதனால் தலை முன்பின்னாக வளர முடியாமல், பின்னந்தலை தட்டையாகி, மேல்நோக்கி உயர்கிறது. நடுக்கோட்டிலோ மூக்கின் வேரிலிருந்து உச்சி வழியாகப் பின்னந்தலை வரை விரல் அகலத்துக்கு மேல் எலும்பில்லாமல் மெத்தென்று இருக்கும். அதைத் தொட்டுவிட்டு, 'உச்சிக்குழிதான் நன்றாகத் திறந்திருக்கிறதே, மூளைக்கு அழுத்தம் வராது' என்று அனுப்பிவிடுகிறார்கள். வரும். மூளையில் நீர் தேங்கலாம். மண்டையிலிருந்து ரத்தம் வெளியேறும் பாதை நெருக்குப்படலாம். இரவில் மூச்சு தடைபட்டு ரத்தத்தில் கரியமில வாயு சேரும்போது மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் ஏறலாம். வாந்தி, எரிச்சல் என வெளிப்படையாகத் தெரியும்வரை காத்திருந்தால் பார்வை நரம்பு கெட்டிருக்கும். ஆகவே கண் மருத்துவர் கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விட்டு விழியின் பின்புறத்தை முறையாகப் பார்த்துவர வேண்டும். தூக்கத்தில் மூச்சு எப்படி என்ற சோதனையும் தேவை. மண்டையை விரிவாக்கும் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் முதல் வயதுக்குள், பலருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு நடக்கிறது. அழுத்தம் முன்பே ஏறினால் அதற்கு முன்பும்.

கண்ணிமை முழுதாக மூடாத குழந்தைக்கு இரவில் கண்ணுக்குரிய களிம்பு, பகலில் ஈரப்பதச் சொட்டு. இதைத் தவறவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகி, வெள்ளையாகத் தழும்பு விழும். அழும்போது விழி இமைக்கு வெளியே வந்துவிட்டால் சுத்தமான ஈரத்துணியால் மூடி அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மாறுகண் அநேகமாக இருக்கும், கண்ணாடியும் தேவைப்படலாம். நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது சகஜம். 'மூளை வளரவில்லை' என்று முத்திரை குத்தப்படும் குழந்தைக்கு உண்மையில் காது கேட்காமல் இருக்கலாம். காது கேட்கிறதா என்று அறியும் பெரா சோதனை செய்யாமல் அப்படி எவரும் சொல்லக் கூடாது. அறிவுத்திறன் குழந்தைக்குக் குழந்தை மாறுபடும். இயல்பாகப் படித்து வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது கை. நடுவில் உள்ள மூன்று விரல்கள் எப்போதுமே ஒட்டியிருக்கும். கட்டைவிரல் தனியாக நின்றால் முதல் வகை, அதுவும் தோலளவில் சேர்ந்திருந்தால் இரண்டாம் வகை, ஐந்தும் எலும்போடு சேர்ந்து குவிந்த மொட்டாக இருந்தால் மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் நகங்கள் ஒன்றாக இணைந்து சதைக்குள் வளைந்து வளரும். உள்ளங்கைக் குழிவில் வியர்வையும் பாலும் தங்கித் தோல் ஊறிப்போய்ச் சீழ் பிடிக்கும். தினமும் மெல்லிய துணியை நுழைத்துத் துடைத்துக் காயவைக்க வேண்டும், பவுடர் போடக் கூடாது.

விரல் பிரிப்பு ஒரே நாளில் முடிகிற வேலையல்ல. பொதுவாக முதல் வயதில் தொடங்கி, மூன்று நான்கு வயதுக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். கட்டைவிரல், சுண்டுவிரல் பக்கங்களை முதலில் பிரிப்பது வழக்கம். ஒரு விரலின் இரு பக்கங்களையும் ஒரே அமர்வில் பிரித்தால் அதற்கு ரத்தம் போகும் குழாய்கள் இரண்டும் அறுபட்டு விரலே கறுத்துவிடக்கூடும். அதனால்தான் பல அமர்வுகள். குறையும் தோலை வழக்கமாகத் தொடை இடுக்கிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டிய தோல் சுருங்கி, விரலிடுக்கு மறுபடி மேலேறலாம். கட்டுப் பராமரிப்பில் அலட்சியம் கூடாது. இன்னொன்றையும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: விரலின் நடு மூட்டுகள் பிறவியிலேயே எலும்பாகிவிட்டதால், பிரித்த பிறகும் அவை மடங்கா. விரல்கள் குட்டையாகவும் இருக்கும். எல்லாக் கைகளிலும் ஐந்து விரல் கிடைப்பதுமில்லை. கிடைப்பது கிள்ளும் பிடி, அள்ளும் பிடி. பென்சில் பிடிக்க, இட்லி பிட்டுச் சாப்பிட, பட்டன் போட அது போதும்; அது மிகப் பெரிய விஷயம்.

எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன்னால் மயக்க மருந்து நிபுணருக்குக் கழுத்து எக்ஸ்ரே காட்டப்பட வேண்டும். கழுத்தெலும்புகள், பெரும்பாலும் ஐந்தாவதும் ஆறாவதும், சேர்ந்திருப்பதால் தலையைப் பின்னால் சாய்ப்பது கடினம். சளி இருந்தால் தள்ளிப்போடுவதே நல்லது.

விரல் மட்டும் ஒட்டி, தலையும் முகமும் இயல்பாக இருக்கும் குழந்தைகளே அதிகம்; அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. முகமும் தலையும் இப்படி இருந்து கைகள் இயல்பாக இருந்தால் க்ரூசான் போன்ற வேறு நோய்க்குறியாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்திருப்பதுதான் ஏபர்ட்டின் அடையாளம்.

என் கோரிக்கை ஒன்றே. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே.) பிறவிக் குறைபாடுகளாகப் பட்டியலிடப்பட்டவை ஒன்பது. உதடு, அண்ணப் பிளவும் வளைபாதமும் அதில் உண்டு. மண்டைத் தையல் முன்கூட்டியே மூடுவது இல்லை. அதனால் பரிந்துரைச் சீட்டில் 'விரல் ஒட்டியுள்ளது' என்று மட்டும் எழுதப்பட்டு, 'ஒரு வயதுக்கு மேல் வாருங்கள்' என்ற பதிலோடு குழந்தை வீடு திரும்புகிறது. மண்டை விரிவாக்கத்துக்கு உகந்த மாதங்கள் அதிலேயே கழிந்துவிடுகின்றன. ஒட்டிய விரலைக் காணும் செவிலியர் தலையின் வடிவம், அண்ணம், மூச்சு, இமை மூடுகிறதா என்ற நான்கையும் பார்த்து டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதும் நடைமுறையைச் சுகாதாரத் துறை கொண்டுவர வேண்டும். தலையும் மாறுபட்டிருந்தால் மூளை நரம்பியல் அறுவை, பிளாஸ்டிக் அறுவை, கண், காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் ஒரே இடத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல் வாரத்திலேயே அனுப்பப்பட வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைநல மருத்துவர் ஒருவர்,
திருச்சி