கல்லிடைக்குறிச்சி நிலையத்தில் அரை மணி நேரம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். நேற்று மாலை பாபநாசத்திலிருந்து திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சி ரயில் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றோம். 1904இல் கொல்லம் வரை முழுமையடைந்த மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட) தடத்தில் அமைந்து, 2012இல் அகலப்பாதைக்கு மாறிய இந்நிலையத்தில், மேற்கே பொதிகை மலை மங்கலாகத் தெரிய, செங்கோட்டையிலிருந்து வந்த பயணிகள் வண்டி நடைமேடையில் கிடந்த வேப்பஞ்சருகுகளைச் சுழற்றியபடி வந்து நின்றது. அப்பளக் கட்டுகளுடன் ஓர் ஆச்சி ஏறி அமரும்வரை பச்சைக்கொடி காத்திருந்ததைப் போலவே எனக்குத் தோன்றியது. அதை வேடிக்கை பார்த்ததில் எஞ்சினைப் படமெடுக்க மறந்துவிட்டேன். ஆகவே வரும் ஞாயிறு மாலை மீண்டும் செல்கிறோம். வருபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே தெரிவிக்கவும். நடைமேடைச் சீட்டு அவசியம். தண்டவாளத்தில் இறங்கிப் படமெடுப்பவர்களை அடுத்த முறை அழைத்துச் செல்வதில்லை.