கடனில் ஒட்டிக்கொண்ட ‘பி’

கும்பகோணம்

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டதா? குறித்ததும் சொல், நான் வந்து கூட இருக்கிறேன். கட்டையன் வீட்டுத் தகராறு இன்னும் தீரவில்லை. அண்ணனும் தம்பியும் இறங்கி வருவதாக இல்லை. உன் மாமா கேட்டார், நீ அந்தப் பத்திரத்தைக் கண்டுபிடித்தாயா என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பெரிய பேத்திக்குப் போன வாரம் பள்ளியில் டிக்டேஷன். கடனுக்கான ‘டெட்’ என்ற சொல்லை டி, ஈ, டி என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். மார்க் போனது இருக்கட்டும். “பி எங்கேயுமே கேட்கவில்லையே மிஸ், பிறகு எதற்கு எழுத வேண்டும்?” என்று கேட்டிருக்கிறாள். “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்று பதில் வந்திருக்கிறது. நாமும் அந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ஆனால் இவள் விடவில்லை. தாத்தாவுக்குத் தெரியும் என்று நேரே என்னிடம் வந்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு இதே வேலையாகப் போயிற்று. கிடைத்ததை உன்னிடம் கொட்டாமல் முடியாது, பொறுமையாகப் படி.

முதலில் கேள், பேத்தி எழுதியதுதான் பழைய ஸ்பெல்லிங்! 1400-இல் இறந்த ஆங்கிலக் கவிஞர் சாசர், கேன்டர்பரிக் கதைகளில் ஒரு வியாபாரியைப் பற்றிச் சொல்கிறார்: அவன் கடனில் இருந்தது ஒருத்தருக்கும் தெரியாது என்று. அங்கே கடன் என்ற சொல் டி, ஈ, டி, டி, ஈ. பி கிடையாது. ஏனென்றால் அந்தச் சொல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது. அவர்கள் வாயிலேயே பி எப்போதோ தேய்ந்து போயிருந்தது. அதற்கும் முன்னால் லத்தீனில் ‘டெபிடும்’. கொடுக்க வேண்டியது என்று பொருள். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் லத்தீன் படித்தவர்களுக்கு மதிப்பு ஏறியபோது, சாதாரணமாக எழுதிக்கொண்டிருந்த இந்தச் சொல் அவர்கள் கண்ணுக்கு மூளியாகத் தெரிந்திருக்கிறது. பேருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்வதைப் போல ஒரு பி-யைச் செருகினார்கள். பேசுகிற ஜனங்கள் அதைச் சட்டை செய்யவே இல்லை, பழையபடி ‘டெட்’ என்றே சொன்னார்கள். எழுத்தில் மட்டும் அது தங்கிவிட்டது. நீ பாங்கில் வாழ்நாள் முழுக்க எழுதினாயே ‘டெபிட்’, அதுவும் இதே லத்தீன் சொல்தான். அதில் பி ஒலிக்கிறது, இதில் ஊமை.

இதை அந்தக் காலத்திலேயே ஒருவர் மேடையில் வைத்துக் கிண்டல் செய்திருக்கிறார். ஷேக்ஸ்பியர்தான். ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ என்று ஒரு நாடகம், 1598-இல் அச்சானது. அதில் ஹாலஃபெர்னிஸ் என்று ஒரு வாத்தியார். ஜனங்கள் ‘டெட்’ என்கிறார்களே, டி, ஈ, பி, டி என்று பி-யையும் சேர்த்து உச்சரிக்க வேண்டாமா என்று பொருமுகிறார். ‘டவுட்’டிலும் பி-யைக் காணோம் என்று அவருக்கு ஆற்றாமை. அந்தச் சொல்லும் பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்ததுதான். லத்தீன் ‘டுபிடாரே’வைப் பார்த்துப் பின்னால் சேர்த்தார்கள். 1598-இல் நாடகம் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்த விஷயத்துக்கு, இன்று ஒரு குழந்தைக்குச் சிவப்பு மையில் கோடு!

இன்னொன்று பார். நீ தினமும் கிழித்துக் கொடுத்த ‘ரிசீட்’டில் வேறொரு பி இருக்கிறது, ‘பேப்பர்’ தொடங்குகிற பி. ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்த ‘டிசீட்’டிலும் (ஏமாற்று) ‘கன்சீட்’டிலும் (கர்வம்) அந்தப் பி கிடையாது. மூன்றும் எடுத்துக்கொள்வது, பிடிப்பது என்ற வேரிலிருந்து வந்தவை. ஒன்றுக்கு மட்டும் லத்தீன் அலங்காரம் நிலைத்தது, மற்ற இரண்டும் தப்பித்துக்கொண்டன. இதில் விதி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பிறகு குழந்தை எதை வைத்துப் புரிந்துகொள்ளும்?

அதைவிட மோசம் ‘ஐலண்ட்’. ‘டெட்’டிலாவது அந்த பி லத்தீனில் ஒரு காலத்தில் இருந்தது. இதில் உள்ள எஸ்ஸுக்கு அந்த நியாயமும் இல்லை. இது ஆதியிலிருந்தே இங்கிலீஷ்காரர்களின் சொந்தச் சொல், பழைய ஆங்கிலத்தில் ‘ஈக்லண்ட்’ மாதிரி ஒன்று. லத்தீன் ‘இன்சுலா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லில் எஸ் இருந்தது. இரண்டும் தீவுதானே, உறவாகத்தான் இருக்கும் என்று நினைத்து இதற்கும் எஸ் போட்டுவிட்டார்கள். ‘சிசர்ஸ்’ கதையும் இதுதான். வெட்டுகிற ‘சிசோரியா’விலிருந்து வந்த சொல்லுக்கு, கிழிக்கிற ‘சிந்தேரே’யைத் தாய் என்று நினைத்து ஒரு எஸ்ஸை முன்னால் ஒட்டினார்கள். 1755-இல் பெரிய அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே வலிக்கான ‘ஏக்’கை கிரேக்கச் சொல் என்று நம்பி, சி-ஹெச் போட்டு எழுதினார். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். தலைவலி, பல்வலி எல்லாவற்றுக்கும் இன்றுவரை அவர் ஸ்பெல்லிங்தான் எழுதுகிறோம்.

சேகர், எனக்கு இதில் வருகிற கோபத்துக்குக் காரணம் உனக்குத் தெரியும். தங்கராசு.

கணக்கில் அவனை அடிக்க நம் வகுப்பில் யார் இருந்தார்கள்? நீயே அவன் நோட்டைப் பார்த்துத்தானே எழுதுவாய். ஒன்பதாம் வகுப்பில் டிக்டேஷனுக்கு அவன் வாங்கிய அடி நினைவிருக்கிறதா? உள்ளங்கை வீங்கி, மத்தியானம் சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்தானே. அந்த முழுப்பரீட்சைக்கே அவன் வரவில்லை. ‘எனக்கு மண்டையில் ஏறாது’ என்று லாரியில் கிளீனராகப் போனான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் டயர் கடைக்குப் போய் இந்த பி கதையை முழுக்கச் சொன்னேன். கையில் பஞ்சர் பட்டியை வைத்துக்கொண்டு அப்படியே கேட்டான். “அப்போ வாத்தியாருக்கும் தெரியாதாடா?” என்றான். தெரியாது என்றேன். வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கேட்கிற ஒலியை அப்படியே எழுதுகிற பிள்ளை சரியாகத்தான் யோசிக்கிறது என்று ஒருத்தர் அன்று சொல்லியிருந்தால் அவன் பள்ளியில் இருந்திருப்பான். இதை நான் அழுத்தமாக நம்புகிறேன்.

இதற்கு நேர்மாறாக, படிக்காத ஜனங்களின் வாய் சொற்களை என்ன செய்திருக்கிறது என்று பார்த்தால் ஆசையாக இருக்கிறது. சமையலில் கட்டிக்கொள்ளும் ‘ஏப்ரன்’ முதலில் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்று சொல்லிச் சொல்லி, காதில் ‘ஆன் ஏப்ரன்’ என்று விழுந்து, ன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவிவிட்டது. அதன் மூலம் லத்தீனில் ‘மப்பா’, துணி. துண்டாகிய ‘நேப்கின்’ அதன் பிள்ளை. நாம் சுவரில் மாட்டுகிற ‘மேப்’ இருக்கிறதே, அதுவும் அதன் பிள்ளைதான். உலகப் படத்தைத் துணியில் வரைந்த காலம். மேப்பும் ஏப்ரனும் அக்கா தங்கை என்றால் பேத்தி நம்பவே மாட்டேன் என்கிறாள்.

நீ ரசிப்பது ‘அம்பயர்’ ஆகத்தான் இருக்கும். அதுவும் ‘நம்பயர்’ என்பது போல ன்-னோடு தொடங்கிய சொல். பிரெஞ்சில் ‘நோன்பெர்’, அதாவது ஜோடி சேராதவன், ஒற்றை. இரண்டு கட்சி வழக்காடும்போது எந்தப் பக்கமும் சேராமல் தனியாக நிற்கும் மூன்றாவது ஆள். சமம் என்று பொருள்படும் லத்தீன் ‘பார்’ அதற்குள் இருக்கிறது. மகாமகக் குளத்துப் பின்பக்க மேட்ச்சில் உன் சித்தப்பாவை அம்பயராக நிறுத்தினோமே, அவர் எந்த விதத்தில் ஒற்றை என்று நீயே சொல்.

‘நிக்நேம்’ கதை தலைகீழ். ‘ஆன் ஈக்நேம்’, கூடுதல் பெயர் என்று இருந்தது. இங்கே ன் வெளியிலிருந்து உள்ளே குதித்துவிட்டது. நம் ஊர் ஆசாமி ஒன்றும் இதில் இருக்கிறது: ஆரஞ்சு. பாரசீகத்தில் ‘நாரங்’, அரபியில் ‘நாரஞ்ச்’, ஸ்பானிய மொழியில் இன்றும் ன்-னோடுதான் சொல்கிறார்கள். இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போனபோதுதான் முன்னால் வந்த ‘ஒரு’ என்ற சொல்லோடு ன் கரைந்து போயிற்று. சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’. அதற்கே மூலம் திராவிடச் சொல்லாக இருக்க வேண்டும் என்பது பல அறிஞர்கள் கருத்து. உன் வீட்டு ஊறுகாய் ஜாடியில் இருக்கும் நாரத்தங்காயை நினைத்துக்கொள்.

இனி உன்மேல் உள்ள புகார். குரூப்பில் நீ அனுப்புகிறாயே, ரோமானியப் படைவீரனுக்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்தார்கள், அதனால்தான் ‘சேலரி’ என்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்ந்த நமக்கு அது உடனே பிடித்துப் போகும். ஆனால் உப்பு மூட்டை வாங்கிக்கொண்டு போன படைவீரனுக்கு ஒரு சான்றும் கிடையாது. ‘சலாரியம்’ என்ற சொல் உப்பிலிருந்து வந்தது உண்மை. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி அதைச் சொல்கிறார். பதவி மரியாதையிலும் படைச் சேவையிலும் உப்புக்கு இடம் இருந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். வீரனுக்குச் சம்பளம் காசாகத்தான் கணக்கிட்டார்கள், பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஆண்டுக்கு 225 தினாரியஸ் என்ற வெள்ளிக் காசு. அதேபோல் ‘நியூஸ்’ என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து இல்லை, புதியவை என்ற பன்மை, அவ்வளவுதான். பகட்டைக் குறிக்கிற ‘பாஷ்’ என்பது கப்பல் டிக்கெட்டில் அடித்த எழுத்துகள் என்பதற்கும் ஆதாரம் இல்லை, அப்படி ஒரு டிக்கெட்டை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அனுப்பத்தான் வேண்டும் என்றால் நிஜத்தை அனுப்பேன், அதில் என்ன குறை? தேர்தலில் நிற்கிற ‘கேன்டிடேட்’, ரோமில் சுண்ணம் தேய்த்து வெளுப்பாக்கிய அங்கியைப் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டவன். அப்படிச் சுற்றி வந்ததிலிருந்து வந்ததுதான் ‘ஆம்பிஷன்’. ‘மஸில்’ என்றால் சின்ன எலி. தோலுக்கடியில் ஓடுவது அப்படித் தெரிந்திருக்கிறது.

உனக்கென்றே எடுத்து வைத்தது ‘கேஷ்’. கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து ரிடையர் ஆனவனே, அது நம் காசு என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பாய்! பாதி சரி. ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. உன் கவுண்டர் கேஷ் லத்தீன் ‘கப்சா’விலிருந்து வந்தது, பெட்டி என்று பொருள். முதலில் பணப்பெட்டி, அப்புறம் பெட்டிக்குள் இருந்த பணம். சூட்கேஸில் உள்ள ‘கேஸ்’ அதன் உறவு, மாத்திரை ‘கேப்ஸ்யூல்’ அதே பெட்டியின் குட்டி. இன்னொரு கேஷ் தமிழ்க் காசிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கணக்கு நோட்டில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசைத்தான் அவன் கேஷ் என்று எழுதினான். இரண்டு வேறு நதிகள், எழுத்தில் ஒன்றாகிவிட்டன. முழுப் பொய்யைவிட இந்தப் பாதி உண்மை எவ்வளவு சுவாரசியம்!

இதையெல்லாம் எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்பாய். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி செய்த வேலை அது. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த ஆண்டில், எந்த நூலில், எந்த வாக்கியத்தில் வந்தது என்று ஊர் உலகத்திலுள்ள வாசகர்கள் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அதை வரிசைப்படுத்தி உட்கார்ந்தவர் ஜேம்ஸ் மரே. ஸ்காட்லாந்துக் கிராமத்துத் தையல்காரர் மகன், வசதியில்லாமல் 14 வயதில் படிப்பை நிறுத்தியவர். முதல் பகுதி 1884-இல் வந்தது. 1915-இல் அவர் இறக்கும்போது ‘டேபிள்’ தொடங்குகிற டி எழுத்தில் வேலை செய்துகொண்டிருந்தார், அகராதி 1928-இல்தான் முடிந்தது. பள்ளியை விட்ட பையன் என்று அவரை யாரும் ஒதுக்கிவிடாமல் இருந்தது மொழிக்குக் கிடைத்த பாக்கியம்.

பேத்தியிடம் பி-யைப் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன், பரீட்சை பரீட்சைதான். ஆனால் காரணம் தெரிந்த பிறகு அவள் ஒருமுறைகூட விடவில்லை, வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்து ‘நைஃப்’பில் கே எதற்கு என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கே ஒருகாலத்தில் நிஜமாகவே வாயில் ஒலித்தது. அதை இன்று ராத்திரி சொல்ல வேண்டும்.

உன் அப்பாவின் இரண்டு வால்யூம் அகராதி பரணில் கிடந்ததே, அதைப் பழைய பேப்பர்காரனிடம் தள்ளிவிடாதே. உனக்கு வேண்டாம் என்றால் எனக்குக் கொடு. தம்பி பையன் மாதக் கடைசியில் கோயம்புத்தூர் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்பு. எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
முருகேசன்