அரிசோனாவில் கொக்கு பார்க்க வருபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம். நானும் என் கணவரும் டிரெய்லரோடு டூசான் பக்கம் வந்து பத்து நாளாகிறது. ஜனவரியில் வருவதாகச் சொன்னவர்கள் வைட்வாட்டர் டிரா என்ற சதுப்புநிலச் சரணாலயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் 20,000-க்கும் மேற்பட்ட சாண்ட்ஹில் கொக்குகள் அங்கே கூடுகின்றன. இரவெல்லாம் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியே தூங்கும். விடிந்ததும் கூட்டம் கூட்டமாக வயல்களுக்குக் கிளம்பும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சூரியன் வருமுன் போய்விடுங்கள். தூங்கிவிட்டால் பரவாயில்லை, நண்பகல்வாக்கில் நிறையத் திரும்பி வரும்.

எங்கள் டிரெய்லருக்கு எதிரே ஒரு சகுவாரோ கள்ளி. அதில் ஹீலா மரங்கொத்தி போட்ட பொந்து. குடைந்த இடத்தைச் சுற்றிக் கள்ளி ஓடுபோல இறுகிக்கொள்வதால் உள்ளே ஈரம் கசிவதில்லை. அதில் பிறகு குடியேறும் எல்ஃப் ஆந்தையை இப்போது தேடாதீர்கள், குளிருக்கு மெக்சிகோ போய்விடும்.

அப்புறம், பல் அகன்ற சீப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். சோயா (cholla) என்ற கள்ளியின் முள் என் காலில் ஏறியபோது சீப்பால்தான் நெம்பி எடுத்தோம். இரவில் உறைபனி உண்டு, தண்ணீர்க் குழாயைக் கழற்றி வையுங்கள். வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் தேதியைச் சொல்லுங்கள்.