மிஸ்ஸி இருந்த முகாமும் இல்லாத முகாமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் சிறைமுகாம்களில் இருந்த தாதியரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நானும் மிஸ்ஸிதான், அதாவது தாதி. பினாங்கில் 34 வருஷம் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் பெண்கள் பட்ட பாட்டைக் கட்டுரையாளர் மனம் கனக்கும்படி எழுதியிருக்கிறார். அவர்கள் பார்த்த வேலையைப் பற்றித்தான் அதிகம் இல்லை. அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் வேலை. 600 கைதிகளுக்கென்று கட்டிய சிங்கப்பூர்ச் சாங்கி சிறையில் 1942 மார்ச்சில் 2,000-க்கும் மேற்பட்ட சிவிலியன்களை அடைத்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் 400 பேர் போல. மலாயா ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த வெள்ளைக்காரத் தாதியரும் பெண் டாக்டர்களும் அங்கே இருந்தார்கள். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். சத்துக்குறைவால் வரும் குவாஷியோர்கர் என்ற குழந்தை நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர். டின்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடு என்று விளம்பரம் செய்வதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்று 1939-ல் சிங்கப்பூர் மேடையில் பேசியவர். போர் வந்தபோது திரெங்கானுவில் வேலையில் இருந்தார். சாங்கி முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன, 20-ம் தாய்ப்பால் குடித்தன, 20-ம் பிழைத்தன என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார்.

பிரசவ வார்டில் இருந்தவளுக்கு அந்த 20-ன் கனம் தெரியும். அரைவயிற்றுக் கஞ்சி குடிக்கிற தாய்க்குப் பால் சுரப்பதே பெரும்பாடு. இராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையை மார்பில் சரியாகப் பிடிக்க வைத்து, "வரும்மா, பால் வரும்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மருந்தே இல்லாத இடத்திலும் தாதி செய்யக்கூடிய வேலை அது. சுமத்ராவில் பலெம்பாங், அதன் பக்கத்துப் பங்கா தீவில் முந்தோக் முகாம்களிலும் இதே கதைதான். அங்கே சிவிலியன் தாதியரோடு, கப்பல் மூழ்கிக் கரையேறிய ஆஸ்திரேலிய ராணுவத் தாதியரும் கைதிகள். பிடிபட்ட அந்த 32 பேரில் ஊர் திரும்பியவர்கள் 24 பேர். மலேரியாவும் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயும் வாட்டிய காலத்தில், பெண்கள் கொட்டாங்குச்சியால் கக்கூஸ் குழியை மொண்டு ஊற்றி முகாமைச் சுத்தமாக வைத்தார்கள். கழிவை அப்புறப்படுத்துவதும் தாதிமைதான் ஐயா. எங்களுக்கு முதல் வருஷப் பாடமே அது.

இனி விடுபட்டதைச் சொல்கிறேன். 1941 டிசம்பரில் எங்கள் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இராத்திரியோடு இராத்திரியாக வெள்ளைக்காரர்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். கொடிமரத்தில் பிரிட்டிஷ் கொடியை இறக்கக்கூட வெள்ளைக்காரர் நிற்கவில்லை, இறக்கியதே பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்துதான். நம்மூர்த் தாதியரும், டிரெசர்கள் என்ற மருத்துவ உதவியாளர்களும், மருத்துவச்சிகளும் எங்கே போவார்கள்? இங்கேயேதான் இருந்தார்கள். முள்வேலிக்கு வெளியே இருந்ததால் அவர்கள் எந்த முகாம் பட்டியலிலும் இல்லை.

முகாம்களில் இன்னொரு கூட்டமும் இருந்தது: சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட மரண ரயில் பாதைக்கு வேலைக்குப் போன நம் ஜனங்கள். என் அப்பா 1943-ல் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து போனவர். வயது 19. மூன்று மாத வேலை, பிறகு வீடு என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மழை தொடங்கியதும் காலரா வந்ததாம். அந்தியில் பேசிக்கொண்டு படுத்தவர் விடிவதற்குள் சருகாக வற்றிக் கிடப்பாராம். ஆற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடித்தார்கள். காய்ச்சிக் குடி என்று சொல்ல ஆளில்லை, காய்ச்சப் பானையுமில்லை. தங்கள் முகாமில் ஒரு மிஸ்ஸி முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பார் அப்பா.

பல மாதம் கழித்து வெள்ளைக்காரக் கைதிகள் சிலர் வந்தார்களாம். விலா எலும்பு தெரிய, இடுப்பில் ஒரு துண்டோடு வந்த ஒருவர், தோட்டத்துத் துரைமார் பேசுகிற தமிழில், "தண்ணி காய்ச்சு, காய்ச்சுக் குடி" என்று ஒவ்வொரு கொட்டகையாகக் கத்திக்கொண்டு போனாராம். அப்பாவின் கணுக்காலுக்கு மேல் அழுகிய புண்ணை, நாலு பேரைப் பிடிக்கச் சொல்லி, கரண்டியால் சுரண்டி எடுத்தவரும் அவர்தான். பேர் தெரியாது. 1943 நடுவில் கூலிமுகாம்களுக்கென்று சாங்கியிலிருந்து கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று இரண்டு மருத்துவக் குழுக்களை அனுப்பியதைப் பிறகு படித்தேன். அவர் அதில் ஒருவராக இருக்க வேண்டும். இரண்டு குழுவும் சேர்ந்தால் 350 பேர்கூட இல்லை. பாதையின் நீளமோ 415 கிலோமீட்டர்.

அந்தப் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார். மலாயாவிலிருந்து போன 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் பாதிக்குக் கிட்ட திரும்பவில்லை என்று கணக்குகள் சொல்கின்றன. அதே மழை, அதே ஆறு. போர்க்கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்களும், ஆர்டர்லிகள் என்ற வார்டு உதவியாளர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்ச வைத்தார்கள், நோயாளியைத் தனியே வைத்தார்கள். எங்கள் அப்பன்மாருக்கு அது வாய்க்கவில்லை. முகாம்களில் தாதியர் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டால், அவர்கள் இல்லாத முகாமில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சாங்கிப் பெண்களின் பெருமை அதனால் கூடத்தான் செய்யும்.

அப்பா 1991-ல் காலமானார். கடைசி வருஷம் வரைக்கும் சாயங்காலம் அடுப்படியில் நின்று, கெண்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்வார். வேறு யார் காய்ச்சினாலும் நம்ப மாட்டார்.

அடுத்து இது பற்றி எழுதும்போது, நம்மூர் மருத்துவச்சிகள், தோட்டத்து டிரெசர்கள் ஆகியோரின் படமோ, பிரசவக் குறிப்பேடோ, பழைய வேலைச் சான்றிதழோ வைத்திருக்கும் வாசகர்களை அனுப்பச் சொல்லி ஓர் அறிவிப்புப் போடுங்கள். என் பங்குக்கு ஒன்று உண்டு. 1971-ல் பயிற்சித் தாதியாக இருந்தபோது, அப்பாவின் காலில் இருந்த தழும்புக் குழியை அளந்து நோட்டில் எழுதி வைத்தேன்: நீளம் மூன்று அங்குலம், அகலம் ஒன்றரை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.