ஆவணிக்குள் நிலம் கிரயமாக வேண்டும்: இன்னும் 11,75,000 ரூபாய் தேவை

அன்புடையீர், வணக்கம்.

எட்டுக்குடி முருகன் அருளால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். வாய்க்கால் கரையிலும் ரோட்டோரப் புறம்போக்கிலும் குடிசை போட்டிருக்கும் 18 விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு 12 ஏக்கர் வாங்கி, வீடும் வயலும் குளமுமாக ஒரு குடியிருப்பு அமைக்கிறோம். கிரய ஒப்பந்தக் கெடு ஆவணிக் கடைசி. தவறினால் நிலம் போய்விடும். இறால் குட்டை போட ஏற்கெனவே ஆட்கள் விலை கேட்டு வருகிறார்கள்.

நம் கீழத்தஞ்சை மண்ணுக்கு இது புதிய வேலை இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்ட பிறகு, சர்வோதயத் தம்பதியான ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் இங்கே வந்து தங்கி உழைத்தார்கள். உழுபவருக்கு நிலம் வாங்கித் தரும் லாஃப்டி (LAFTI) அமைப்பை 1981-இல் தொடங்கினார்கள். மிராசுதார்களிடம் பேசி விலை முடித்து, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பெண்கள் பெயரில் எழுதி வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் கடற்கரையை இறால் பண்ணைகள் வளைத்தபோது உச்ச நீதிமன்றம் வரை போனவரும் அதே ஜெகந்நாதன் ஐயாதான். 1996-இல் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பும் வாங்கினார். அவர்களோடு வெயிலில் நடந்த பெரியவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னே இந்த நிலம் உப்புக் குட்டையாகக் கூடாது.

வீட்டுக்கு அரசுத் திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறீர்கள். இருக்கிறது. கலைஞர் கனவு இல்லத்தில் 3,50,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் சொந்த மனை வேண்டும். புறம்போக்கில் இருப்பவர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்? அதனால்தான் முதலில் நிலம்.

வீடு ஒன்றுக்கு 5 சென்ட், குளத்துக்கு 60 சென்ட், களத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் 50 சென்ட் போக 10 ஏக்கர் வயல். உப்பு தாங்கும் குழிவெடிச்சான் நெல் போட்டு ஏக்கருக்கு 20 மூட்டை கண்டால்கூட குடும்பத்துக்குச் சுமார் 11 மூட்டை நெல் நிற்கும். அறுப்புக்கு முன் ஈரத்தில் உளுந்து தெளித்தால் பருப்புக்கும் கடைக்குப் போக வேண்டாம். குளம் வெட்டும் மண்ணைப் போட்டே மனைகளை மேடாக்குகிறோம். போன ஐப்பசி மழையில் இந்தக் குடிசைகளில் முழங்கால் தண்ணீர்; அடுப்பைக் கயிற்றுக் கட்டில் மேல் தூக்கி வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். அடுத்த ஐப்பசிக்குள் மேடு எழும்பியாக வேண்டும்.

கணக்கு இது. நிலத்தின் விலை 36,00,000. கொடுத்தது 27,50,000, பாக்கி 8,50,000. பத்திரச் செலவு ஏறத்தாழ 3,00,000. பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். அதையும் கழித்துத்தான் சொல்கிறோம். குளமும் மேடும் 2,40,000. ஆக 13,90,000. கையிருப்பு 2,15,000.

இதுவரை தந்தவர்களை மறக்க முடியாது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததிலிருந்து ஒரு பங்கை எடுத்து நீட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து மாதாமாதம் 200, 300 என்று அனுப்பும் நம் ஊர்ப் பிள்ளைகள், சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்த காசைச் சேர்த்து அனுப்பிய தம்பிகள், மொய்ப் பணத்தை அப்படியே கொண்டுவந்து தந்த புதுமணத் தம்பதி, ஐம்பது ரூபாயை முந்தானையில் முடிந்து வந்து கொடுத்த ஆயா. இந்த ஆயாவுக்கே சொந்த மனை கிடையாது. உங்கள் எல்லோர் குடும்பமும் தழைக்க வேண்டும்.

பெயர் எழுதிவிட்டு இன்னும் தராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரே ராத்திரியில் பணம் சேர்க்கிற ஊர் இது. நம் வயலில் நாற்று நட்டவர்கள், நம் வீட்டுக் களத்தில் நெல் தூற்றியவர்கள்தான் அந்தக் கரையில் கிடக்கிறார்கள். அவர்கள் அறுத்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்டா கொடுக்க வேண்டும்?

ஒரு சென்ட் நிலம் 3,000 ரூபாய். ஒரு சென்டாவது உங்கள் பங்காக இருக்கட்டும். பணம் முடியாதவர்கள் விதைநெல், தென்னங்கன்று, ஒரு நாள் டிராக்டர் தரலாம். ரசீது உண்டு; வரவு செலவு ஒவ்வொரு அமாவாசையும் கோயில் வாசலில் ஒட்டப்படும். ஆவணி முதல் வாரத்தில் பத்திரம் எழுதக் கொடுக்க வேண்டும், ஆடிப்பெருக்குக்குள் பொருளாளர் கையில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பு நிலக் குழுவினர்