புகையற்ற அறையை ‘கோரிக்கை’ப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்

இணைய முன்பதிவுத் தளங்களை நடத்துவோருக்கும், அவற்றில் அறை விற்கும் விடுதி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். ‘புகைபிடிக்காதோர் அறை’ என்று டிக் செய்து பணமும் கட்டியவர், அந்த அறையையே வாங்கிவிட்டதாக நினைக்கிறார். பல தளங்களில் அவர் வாங்கியிருப்பது ‘ஸ்டாண்டர்ட் டபுள்’, அதாவது இருவர் தங்கும் சாதாரண அறை மட்டும்தான். புகை பற்றிய தேர்வு, ‘தாமதமாக வருவேன்’, ‘மேல்மாடி வேண்டும்’ போன்றவற்றோடு சிறப்புக் கோரிக்கையாகப் போய்விடுகிறது. ‘இருப்பைப் பொறுத்தது’ என்ற வரி கீழே பொடி எழுத்தில் கிடக்கும்.

தளத்தையும் விடுதியையும் இணைக்கும் ‘சேனல் மேனேஜர்’ என்ற மென்பொருள், அறை வகைக் குறியீடு, கட்டணத் திட்டம், தேதி, மீதி எண்ணிக்கை ஆகியவற்றைத்தான் கணக்கு வைக்கிறது. கோரிக்கை வெறும் எழுத்தாக வந்து சேரும். எந்தக் கணக்கிலும் கழியாது. ஒரு விடுதியில் 20 டபுள் அறைகள், அவற்றில் 14 புகையற்றவை, 6 புகைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இருபதும் ஒரே குறியீட்டில் இருந்தால், புகையற்ற அறை கேட்டு 17 பேர் பதிந்தாலும் கணினி தடுக்காது. அறை எண் பெரும்பாலும் முந்தைய இரவோ வரும் நாள் காலையோதான் ஒதுக்கப்படுகிறது. ஆக, கடைசியாக வந்து சேரும் 3 பேருக்குப் புகை அறைச் சாவிதான் மிஞ்சும். ரிசப்ஷனில் நிற்பவரைத் திட்டிப் பயனில்லை. அவர் கையில் வேறு சாவி கிடையாது.

இரு வகைக்கும் தனித்தனிக் குறியீடு கொடுங்கள்: 14க்கு ஒன்று, 6க்கு ஒன்று. இருப்பு துண்டுபடும், ஒரு பக்கம் காலியாக இருக்கும்போதே மறுபக்கம் ‘அறை இல்லை’ என்று காட்டும் என்பதே விடுதிகளின் தயக்கம். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த இழப்பைத் தவிர்க்க, இப்போது விருந்தினரின் மூச்சை அல்லவா பணயம் வைக்கிறீர்கள்?

தளங்களின் ஃபில்டர் இன்னொரு பொறி. ‘புகையற்ற அறைகள்’ என்பது பல இடங்களில் விடுதியின் வசதிப் பட்டியலோடு கட்டப்பட்டிருக்கிறது. அப்படி ஓர் அறை இருந்தாலே முழு விடுதியும் ஃபில்டரைத் தாண்டி வந்துவிடும். அதை அறை வகையோடு கட்டுங்கள். ‘முழுக்கப் புகையற்ற கட்டடம்’ என்பதைத் தனித் தேர்வாகவும் வையுங்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. கலிஃபோர்னியா விடுதிகளில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, புகையை முழுவதும் தடை செய்யாத விடுதிகளின் ‘புகையற்ற’ அறைகளில்கூட, மேற்பரப்பில் படிந்த நிகோட்டின், முழுத்தடை உள்ள விடுதிகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்ததைக் கண்டது. கதவிடுக்கு, தாழ்வாரம், பொதுவான குளியலறைக் காற்றுக்குழாய் என்று புகைக்கு வழிகள் பல. மெத்தை, திரைச்சீலை, கம்பளம், ஏசி வடிகட்டி எல்லாவற்றிலும் நிகோட்டின் படிந்து, பிறகு மெல்ல மெல்லக் காற்றில் கலக்கிறது. வாசனைத் தெளிப்பான் நாற்றத்தை மறைக்குமே தவிர, படிந்ததை எடுக்காது. ஓசோன் இயந்திரம் ஓட்டினால் அறையில் ஆள் இருக்கக் கூடாது. ஓசோன் நிகோட்டினோடு வினைபுரிந்து நுண்துகள்களையும் உண்டாக்கும். ஒரே நாள் சுத்தம் செய்து புகை அறையைப் புகையற்றதாக மாற்றி விற்பதை நிறுத்துங்கள்.

புகைப்பவருக்கும் இந்தக் குழப்பத்தால் நஷ்டம்தான். பால்கனியில் பிடிக்கலாமா, மின்சிகரெட்டும் தடைக்குள் வருமா, அபராதம் எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதுங்கள். அபராதத்துக்கு ஆதாரமும் வேண்டும். முன்பு தங்கியவர் விட்டுப்போன நாற்றத்துக்கு அடுத்தவரிடம் வசூலிப்பது கொடுமை. அறைக்குள் நுழைந்தவுடன் விருந்தினர் புகாரைப் பதிய, நேர முத்திரையோடு ஒரு பொத்தான் உங்கள் செயலியில் இருந்தால் இந்தத் தகராறுகளில் பாதி அங்கேயே தீரும்.

உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் புகை நிலை, அறை வகையின் பெயரோடு ஒட்டி இருக்கட்டும்: ‘ஸ்டாண்டர்ட் டபுள், புகையற்றது’ என்று. அது கிடைக்காவிட்டால் கட்டணமின்றி ரத்து, முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்ற வரியை அதற்கு நேர் கீழே, அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
முன்பதிவு நிபந்தனைகளை வரி விடாமல் படிக்கும் பயணிகள்