கூடாரத்தை மேட்டில் போடச் சொல்லுங்கள்

திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் வனத்துறை, சுற்றுலாத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் வாணியம்பாடிக்காரன். மே மாதம் எங்கள் ஊரில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தால் கொஞ்ச தூரத்தில் ஏலகிரி கறுப்பாக நிற்கும். சின்ன வயதில் அப்பா எங்களை அங்கே பஸ்ஸில் கூட்டிப்போவார். 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்ததும் காற்றே மாறிவிடும். இப்போது என் பிள்ளைகளோடு அதே வளைவுகளில் ஏறுகிறேன். வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஜவ்வாது மலைப் பக்கமும் போய்விடுகிறோம். மலையில் கூடாரம் போட்டுத் தங்கும் பழக்கம் வளர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். கூடாரம் போடும் இடத்தைப் பற்றி மட்டும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

தயவுசெய்து ஏரியின் ஓரத்தில் கூடாரம் போட விடாதீர்கள். தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளி, மேட்டில் போடச் சொல்லுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசிக் கடைசியில், ஜவ்வாது மலையில் ஒரு சிறிய ஏரிக்குப் போயிருந்தோம். எந்த ஏரி, யார் நடத்திய முகாம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, இரண்டு குடும்பமாகப் போனோம். தண்ணீரிலிருந்து இருபது அடிகூட இருக்காது, வரிசையாக ஒன்பது கூடாரங்கள். சாயங்கால வெயிலில் பார்க்க அவ்வளவு அழகு. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் ஓடினார்கள். பதினோரு மணி வாக்கில் குளிர் இறங்கியது. கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க வேர்த்து, கை பட்டால் சொட்டியது. போர்வையெல்லாம் ஈரம். இரண்டு மணிக்கு மழை தொடங்கியது. நாங்கள் இருந்த இடத்தில் பெரிய மழைகூட இல்லை. ஆனால் மேலே எங்கோ பெய்த தண்ணீர் வரத்துக்கால் வழியாக இறங்கி, நாங்கள் படுத்திருந்த புல்தரைக்கு வந்துவிட்டது. "அப்பா, பாய் மிதக்குது" என்று என் மகள்தான் எழுப்பினாள். இருட்டில் ஒரே ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணியபடி மேட்டுக்கு ஏற்றினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முகாம் நடத்திய பையன்கள் எங்களைவிடப் பயந்துபோயிருந்தார்கள். அந்த இடத்தைப் பற்றி அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

மேட்டில் ஒரு வீடு இருந்தது, மலையாளிப் பழங்குடிக் குடும்பம். அங்கிருந்த பெரியவர் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, அடுப்பு மூட்டச் சொன்னார். விடிந்த பிறகு, "தண்ணி வர்ற வழியில போய்ப் படுத்திருக்கீங்களே தம்பி. எங்க களத்துல போட்டிருக்கலாம்ல" என்றார். அப்புறம் கூட்டிப்போய்க் களத்தைக் காட்டினார்.

அந்தக் களத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமை அடிக்கிற களம். சரிவின் நடுவில், கெட்டியான தரை. லேசான வாட்டம் இருந்ததால் ராத்திரி பெய்த மழை ஒரு சொட்டு நிற்காமல் வடிந்திருந்தது. தூற்றுவதற்குக் காற்று வேண்டும் என்பதால் திறந்த இடமாகப் பார்த்திருக்கிறார்கள். தலைக்கு மேல் காய்ந்த கிளை எதுவும் இல்லை. ஓடை ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகிறது. கீழே ஏரி முழுசாகத் தெரிகிறது. கூடாரத்துக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று நாம் தேடுவோமோ அத்தனையும் அங்கே இருந்தது. தானியம் நனையக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த இடம் அது. மனிதர் நனையாமல் படுக்கவும் அதே மாதிரி இடம்தானே வேண்டும்?

ஏரிக்கரைப் புல்தரை நம்மை ஏமாற்றிவிடுகிறது. சமமாக, பச்சையாக, மெத்தை போல இருக்கிறது. அது ஏரியின் உள்வாய். தண்ணீர் வந்து நின்று, வண்டலை விட்டுவிட்டுப் போன இடம் என்பதால்தான் அவ்வளவு சமமாகவும் பச்சையாகவும் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் மறுபடியும் அங்கேதான் வரும். குளிரும் அப்படித்தான். ராத்திரியில் சரிவுகளின் தரை சூட்டை இழக்கும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரியே பள்ளத்தை நோக்கி இறங்கித் தேங்கும். ஏரி இருப்பது அந்தப் பள்ளத்தில். அதனால் சற்று மேலே நடுச்சரிவில் தாங்குகிற குளிர், ஏரியோரத்தில் எலும்பைப் பிடிக்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் காற்றில் ஈரமும் அதிகம், கூடாரம் உள்ளே வேர்ப்பதும் அதிகம். ஏலகிரி கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம். மார்கழியில் அங்கே கைக்குழந்தையோடு ஏரிக்கரையில் படுக்க யாரையும் அனுமதிக்கவே கூடாது. அத்தனாவூரில் ஒரு அறை எடுத்துத் தங்கச் சொல்லுங்கள்.

அதற்காக உச்சிக்கும் போகச் சொல்லவில்லை. சித்திரை, வைகாசியில் திடீரென்று இடியோடு கோடைமழை வரும். மொட்டைப் பாறையின் தலையிலோ தனி மரத்தின் அடியிலோ படுப்பது ஆபத்து. பள்ளத்துக்கும் உச்சிக்கும் நடுவே இருக்கிற மேடுதான் சரி.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். ஏரிக்கரை ராத்திரியில் நம்முடையது அல்ல. சாயந்திரம் நாம் அடங்கிய பிறகுதான் காட்டுப்பன்றியும் கரடியும் தண்ணீருக்கு வரும். பலா பழுக்கிற காலத்தில் கரடி அந்த வாசனைக்கு ஊர்ப் பக்கமே வந்துவிடும். அது தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் ஒன்பது கூடாரம், பாட்டுப் பெட்டி, கோழி வறுத்த வாசனை என்றால் அது எங்கே போகும்? 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி பக்கம், தங்கும் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது நம் எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்திலும் குடியாத்தம், பேரணாம்பட்டு ஊர்களுக்கு ஆந்திரத்துக் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் வருகின்றன. மோர்தானா அணையைப் பார்த்ததும் கூடாரம் போடத் தோன்றும். அந்தப் பக்கம் மேட்டிலும் வேண்டாம், பள்ளத்திலும் வேண்டாம். பகலில் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் குடியாத்தம் வந்து சேருவதுதான் நல்லது. அமிர்தி ஓடை மணலும் அப்படித்தான். மேலே மழை பெய்தால் கீழே சொல்லிவிட்டு வராது.

200 அடி என்பது நானாகச் சொன்ன கணக்கு இல்லை. அமெரிக்கக் காடுகளில் முகாமிடுகிறவர்களுக்கு ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிற அளவு அது. கூடாரம், பாத்திரம் கழுவுவது, காலைக்கடனுக்குத் தோண்டும் குழி, மூன்றுமே தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள். நம் நடையில் சுமார் எண்பது தப்படி. அங்கே பொருந்துவது இங்கே இன்னும் அதிகமாகப் பொருந்தும், ஏனென்றால் நம் மலை ஏரிகளைச் சுற்றி மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்களின் மாடு குடிக்கிற தண்ணீர் அது. அன்று காலை நாங்கள் கிளம்பும்போது சோப்பு நுரையும் டிஷ்யூ காகிதமும் கரையோரமாக ஒதுங்கியிருந்தன. பெரியவரின் மருமகள் குடத்தோடு வந்து, கொஞ்சம் தள்ளிப் போய் மொண்டுகொண்டு போனார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் தலை நிமிர முடியவில்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் நிற்கிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதை 1977-இல் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இந்த மலையின் இருட்டு அவ்வளவு அருமையானது. முகாம்களில் மரத்துக்கு மரம் சீரியல் லைட் கட்டுவதை நிறுத்தி, தரையைப் பார்க்கும்படி மூடிய விளக்குகள் நாலு போதும் என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வானமும் தெரியும். நெருப்பைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை வனத்துறை மறந்திருக்காது. மாசியிலிருந்து கோடைமழை பெய்யும்வரை இந்த மலைகளின் புல்லும் அப்படித்தான் காய்ந்து கிடக்கிறது.

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை ஒரு முகவரிக்கு எழுதியிருப்பேன். 1989-இல் ஒரு முறையும் 2019-இல் ஒரு முறையும் பிரிந்த பிறகு, ஜவ்வாது மலையின் ஒரு சரிவு ஒரு கலெக்டரிடமும் மறுசரிவு இன்னொரு கலெக்டரிடமும் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் கோமுட்டேரிக்கு ஒரு விதி, ஏலகிரி புங்கனூர் ஏரிக்கு ஒரு விதி என்று இருந்தால், கண்டிப்பு குறைவாக இருக்கும் பக்கம்தான் முகாம்கள் போகும். மூன்று மாவட்டமும் சேர்ந்து ஒரே அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கொடுக்கும்போது முகாம் நடத்துகிறவரின் பெயரை மட்டும் பார்க்காமல், கூடாரம் போடும் இடத்தைப் போய்ப் பார்த்துக் கொடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு ஒரு தரம், மழை பெய்த மறுநாள் ஒரு தரம் பாருங்கள். கூடவே அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்த வழியாக வரும், கரடி எங்கே இறங்கும், காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் கைகாட்டும் மேட்டில் நாலு மூலைக்கும் கல் நட்டு, எத்தனை கூடாரம் என்று எழுதிவைத்துவிடுங்கள். அறுவடை முடிந்து களம் சும்மா கிடக்கும் மாதங்களில், ஊர் சம்மதித்தால், களத்தையே வாடகைக்கு எடுக்கலாம். பணம் அந்த ஊருக்கே போகட்டும். களத்தில் செருப்பு போடக் கூடாது என்று ஊர் சொன்னால் வருகிறவர்கள் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

இந்த ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் உங்களில் யாராவது ஜவ்வாது மலைக்கு வருவதாக இருந்தால், நானும் வருகிறேன். அன்றைக்கு நாங்கள் படுத்திருந்த புல்தரையையும் அந்தக் களத்தையும் ஒரே நடையில் காட்டிவிடலாம். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷ ஏற்றம்தான்.

நன்றியுடன்,
வாணியம்பாடியிலிருந்து ஒரு தகப்பன்